பத்து தெத்ரி

திபிலிசியில், குன்றின்மேல் பதினாறு மாடிக் கட்டடம்.
அங்கே லிஃப்டுக்கும் உண்டியல் உண்டு,
பத்து தெத்ரி போட்டால்தான் மேலே போகும்.
போட்டேன்.
ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவே
சொல்ல வந்ததை மறந்தவர் மாதிரி நின்றுவிட்டது.
விளக்கும் போயிற்று.

போனில் உயிர் இல்லை. சட்டைப்பையில்
என் விசிட்டிங் கார்டு நாற்பது இருந்தன.
பருத்திக் காகிதம், விளிம்பில் செம்புப் பூச்சு.
ராமாஸ், அடையாள ஆலோசகர்.
கீழே பொடி எழுத்தில்
"மறக்க முடியாத முதல் பார்வை."
அந்த மூன்று சொல்லுக்கு மூன்று வாரம் யோசித்தவன் நான்.
இருட்டில் எல்லாம் ஒரே வழவழப்பு.
ஒன்றைக் கதவிடுக்கில் செருகி நெம்பிப் பார்த்தேன்.
கதவு அசையவில்லை, கார்டும் மடங்கவில்லை.
அவ்வளவு நல்ல காகிதம் என்று
அந்த நேரத்திலும் கொஞ்சம் பெருமைப்பட்டேன்.

ஒரு மணி நேரம் கழித்து
தலைக்குமேல் டார்ச் வெளிச்சம், பெண் குரல்.
"எத்தனை பேர்?"
"ஒருத்தன்."
"கனமா?"
"நடுத்தரம்."
கையை நீட்டித் தூக்கிவிட்டாள் லாமாரா.
நன்றிக்கு ஒரு கார்டு கொடுத்தேன்.
கட்டைவிரல் கிரீஸை அதில் துடைத்துவிட்டு
"நல்லா உறிஞ்சுது" என்றாள்.

பத்து நாளில் அவளே என் அறைக்கு வந்தாள்.
புதிய கம்பெனி வந்திருக்கிறதாம்,
சீருடை போட்ட பையன்கள், வேனில் பெரிய பெயர்.
அவளுடைய முப்பது கட்டடத்தில் பதினொன்று போய்விட்டன.
"எனக்கும் ஒண்ணு செய். ஞாபகம் இருக்கிற மாதிரி."

செய்தேன்.
இரண்டாகத் திறக்கும் கதவு போல ஒரு கார்டு,
இரும்புக் கயிற்றில் அவள் பெயர் தொங்குகிற இன்னொன்று.
அம்புக்குறி வைத்தவை எத்தனை என்று எண்ணவில்லை.
ஒவ்வொன்றையும் வாங்கிக்
கண்ணை மூடி, விரலால் தடவி,
திருப்பிக் கொடுத்தாள்.
"என் வாடிக்கையாளர் இருட்டுல இருக்கார், ராமாஸ்.
நீயும் இருந்தே."

பிறகு வந்த யோசனை யாருடையது என்று
எங்களுக்குள் இன்னும் தீரவில்லை.
தடித்த அட்டை, நடுவில் வட்டமாக ஓட்டை.
ஓட்டையில் இறுகப் பொருத்திய பத்து தெத்ரிக் காசு,
ஒருமுறை மேலே போக.
அதன் கீழே விரலால் படிக்கிற மாதிரி
புடைத்து நிற்கும் தொலைபேசி எண்.
மற்றபடி வெற்று அட்டை.
மிச்ச இடம் வீணாகிறதே என்று
அச்சக்காரர் ஆவ்தந்தில்தான்
பிடிவாதமாக அவள் பெயரைச் சேர்த்தார்.
கணக்கும் அவரே போட்டார்.
அட்டை ஆறு, ஓட்டை பதினொன்று, காசு பத்து.
"காசைத் தெருவுல வீசுறவளுக்கு
கார்டு எதுக்கு?"

அவர் சொன்னபடிதான் நடந்தது.
முந்நூறு காசும் ஒரே வாரத்தில் செலவாயின.
பிள்ளைகள் நெம்பி எடுத்து சூயிங்கம் வாங்கினார்கள்.
ஏழாம் மாடிக்காரர் ஒருவர்
காலி அட்டையைக் கொண்டுவந்து
இன்னொரு காசு வைத்துத் தரச் சொன்னார்.
அவள் கொடுத்தாளாம்.

எனக்கு அது தோல்வி.
அடுத்த மாதம் வேறு வேலையாக
அதே கட்டடத்தில் மாடி ஏறினேன், படியில்தான்.
வாசல் வாசலாக,
மின்பெட்டி ஆணியில், சாவிக் கொக்கியில்,
ஒரு வீட்டில் நாய்ச் சங்கிலிக்குப் பக்கத்தில்,
ஓட்டை வழியே மாட்டப்பட்டு
லாமாரா தொங்கிக்கொண்டிருந்தாள்.

மாட்டுவதற்கென்று நான் அதை வரையவில்லை.
அவளும் நினைக்கவில்லை.
ஆணிகளுக்குத் தெரிந்திருந்தது.

நேற்று ஒரு பல் டாக்டர் வந்தார்.
அந்த அட்டையைக் கண்ணுக்கு நேரே பிடித்து
ஓட்டை வழியே என்னைப் பார்த்தார்.
"இதைச் செய்தது நீங்களா? உங்கள் கார்டு ஒன்று கிடைக்குமா?"

கை சட்டைப்பைவரை போயிற்று.
முப்பத்தெட்டு அப்படியே இருக்கின்றன.
வெறுங்கையோடு அதை வெளியே எடுத்து
அவரிடம் நீட்டி
பெயரை வாயால் சொன்னேன்.